மேனேஜர் தூங்கவில்லை

ஊரிலுள்ள ஃப்ரிட்ஜுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மெக்கானிக், தன் வீட்டு ஃப்ரிட்ஜின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டு, திரும்பச் சொருக மறந்துபோனார்.

அதற்கு அவர் தரப்பில் ஒரு நியாயம் இருந்தது. எந்த முட்டாள்தனத்துக்கும் அவர் தரப்பில் ஒரு நியாயம் இருக்கும். அந்த ஃப்ரிட்ஜின் அடியில் கம்ப்ரஸரைத் தாங்குகிற ரப்பர் தேய்ந்துபோய், மோட்டார் நிற்கும்போதெல்லாம் பெட்டியே ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கடகடவென்று ஆடி அடங்கும். அந்தக் கடகடவுக்குப் பக்கத்து அறையில் அப்போதுதான் கண் செருகிய குழந்தை விலுக்கென்று விழித்துக்கொள்ளும். பத்து நிமிட வேலை, மாற்றிவிடலாம் என்று முந்தின நாள் சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய கையோடு "கொஞ்சம் இவனைப் பிடிங்க, நான் முகம் கழுவிட்டு வந்துடறேன்" என்று மனைவி கூப்பிட்டாள். அதோடு சரி. ரப்பர் சட்டைப் பையிலேயே தூங்கிவிட்டது. அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கியது அது ஒன்றுதான்.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தவருக்குக் காலில் ஈரம் பட்டது. முதலில் குழந்தைமேல்தான் அபாண்டமாகச் சந்தேகப்பட்டார். தொட்டுப் பார்த்தார், காய்ந்துதான் இருந்தான். பிறகுதான் ஃப்ரிட்ஜுக்கு அடியிலிருந்து ஓர் ஓடை புறப்பட்டு மேசைக்காலைச் சுற்றிக்கொண்டு போவது தெரிந்தது.

ஃப்ரீஸர் கதவைத் திறந்தார். உள்ளே மனைவி அடுக்கி வைத்திருந்த பால் பைகள், கல்லாக இருந்தவை, தொளதொளவென்று ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

அவள் வேலைக்குத் திரும்புவதற்காகச் சேர்த்த பால் அது. குழந்தை ஒரு பக்கம் குடிக்கும்போதே மறுபக்கம் பம்ப்பை வைத்துக்கொண்டு, பாதிக் கண்ணை மூடியபடி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சேர்த்தது. பை நிறைந்ததும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். ஒரு நாள் பை நிறையவில்லை என்று அழுதிருக்கிறாள். "உருகினதைத் திரும்ப உறைய வைக்காதீங்க, விஷம்" என்று ஐஸ்கிரீம் கடைக்காரர்களுக்கெல்லாம் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்கிற மெக்கானிக், வேலைப் பையிலிருந்து வெப்பமானியை எடுத்து ஒவ்வொரு பைக்கும் ஜுரம் பார்த்தார். நடுவில் இருந்த ஒன்றிரண்டு மட்டும் இன்னும் ஜில்லென்று இருந்தன. அவை இன்றைக்கு ஆகும். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கிழித்துத் தொட்டியில் ஊற்றினார். ஊற்றும்போது குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார், சத்தம் கேட்காமல் இருக்கட்டும் என்று. ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்கு வீட்டில் இதுதான் நடக்கும்.

குழந்தைக்கு ஐந்து மாதம். வீட்டில் அவனுக்குப் பேர் மேனேஜர். அவன் உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், நடக்கச் சொன்னால் நடக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது என்பதால் வந்த பேர். மேனேஜர் பசிக்குப் பாட்டிலை ஒத்துக்கொள்வான். ஆனால் தூக்கம் வேறு டிபார்ட்மென்ட். அதற்கு அம்மாவின் மார்பு வாயில் இருந்தாக வேண்டும். பால் வர வேண்டும் என்றுகூட இல்லை. வாயில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எடுத்தால் விழித்துக்கொள்வான். பிறந்ததிலிருந்து அவன் வேறெந்த விதமாகவும் தூங்கியதில்லை. மெக்கானிக் கையில் எடுத்து இரண்டு நடை நடப்பதற்குள் மனைவி வந்து கையை நீட்டிவிடுவாள். "குடுங்க, உங்களால ஆகாது." அவரும் குடுத்துவிடுவார். ஆகாது என்பது அவருக்கும் ஒருவகையில் சௌகரியமாகத்தான் இருந்தது, போன வாரம்வரை.

மனைவிக்கு வேலை ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், யார் மாடியிலிருந்து விழுந்தாலும், வண்டி வந்து சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்தால் ஒரு போன் அடித்துக்கொண்டே இருக்கும் என்று அர்த்தம். பிரசவ விடுப்பு முடிந்து போன முதல் நாளே மெக்கானிக், ஆபீஸ் நம்பருக்கு அடித்து அவளை வரவழைத்தார். இரண்டாம் நாள் கீழ்வீட்டு ஆளை விட்டு வரவழைத்தார். நேற்று சூப்பர்வைசர் அம்மாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை பாதியில எழுந்து போனா, பேசாம வீட்டுலயே இருந்துக்கோம்மா. நான் குறை சொல்லல. இந்த நாற்காலி காலியா இருக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தார். அதை வீட்டுக்கு வந்து சொல்லும்போது மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் மெக்கானிக் சத்தியம் செய்தார். "நாளைக்கு உலகமே இடிஞ்சாலும் உன்னைக் கூப்பிட மாட்டேன். இவனை நான் தூங்க வைக்கிறேன்."

"சரி" என்றாள் அவள்.

"நம்பிக்கை இல்லையா?"

"பால் ஃப்ரீஸர்ல இருக்கு."

கேட்டதற்குப் பதில் இல்லை அது. அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

பால் குடித்து முடித்த மேனேஜர் ஏப்பம் விட்டான். கண்ணைக் கசக்கினான். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டான். தூக்கம் வந்துவிட்டது. தூக்கம் வந்துவிட்டால் அந்த வீட்டில் அபாயமணி அடித்ததுபோலத்தான். மெக்கானிக்கின் சட்டையில் மூக்கை உரசித் தேடினான். இந்தப் பக்கம் தேடினான். அந்தப் பக்கம் தேடினான். பொத்தானைக் கண்டுபிடித்து, ஒரு நிமிடம் அதைச் சப்பிப் பார்த்து, மோசடி என்று தெரிந்ததும் தலையைப் பின்னால் சாய்த்து ஆரம்பித்தான்.

மெக்கானிக்குக் கைவசம் இருந்த வித்தைகள் எல்லாம் முற்பகலுக்குள் தீர்ந்துபோயின. நடந்தார். நின்று ஆடினார். உட்கார்ந்து எழுந்தார், உட்கார்ந்து எழுந்தார், முழங்கால் இரண்டும் விவாகரத்து கேட்கும்வரை. தாலாட்டு ஒன்றும் தெரியாததால், "கம்ப்ரஸரே கண்டென்ஸரே, கேஸ் நிரப்பும் குழாயே" என்று தொழில் சம்பந்தமாகவே இழுத்துப் பாடினார். ஃப்ரிட்ஜை மறுபடி ஓடவிட்டு அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றார். அந்த உறுமல் குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று யாரோ வாடிக்கையாளர் சொல்லியிருந்தார். மேனேஜருக்கும் பிடித்ததுபோலத்தான் இருந்தது. அழுகை விசும்பலாகி, விசும்பல் முனகலாகி, இமை பாதி இறங்கி வந்த சமயத்தில் மோட்டார் நின்றது. கடகட.

ரப்பர் இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டார். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் கல்லூரிக்குப் போகிற வயசு.

"என்னடா சத்தம்? யாரைப் போட்டு அடிக்கிற?"

"அக்கா, இவனை எப்படித் தூங்க வைக்கிறது?"

"தூங்குவான்டா. தூங்காத பிள்ளை எங்கயாவது இருக்கா?"

"எப்போ தூங்குவான்?"

"தூக்கம் வந்தா."

"வந்துதான் அழறான். ஆட்டணுமா, ஆட்டக் கூடாதா? அதையாவது நேரா சொல்லு."

"என் பெரியவன் ஆட்டினாத்தான் தூங்குவான். சின்னவ ஆட்டினா எழுந்துடுவா."

"இவன்?"

"இவனை நான் ரெண்டு தடவைதானடா பார்த்திருக்கேன். நீ பதறாத. நீ பதறினா அவனும் பதறுவான். ஆமா, உன் வீட்டுக்காரியை ஏன் இவ்வளவு சீக்கிரம் வேலைக்கு அனுப்பின?"

"நான் அனுப்பல. அவ போறா."

"அதான் கேக்கறேன்."

எதைக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. போனை வைத்தார். போன மாதம் டாக்டரம்மாவிடம் இதையே கேட்டபோது "சில பிள்ளைங்க அப்படித்தான்" என்றார்கள். ஒரு கடைக்காரர் வந்து "ஃப்ரிட்ஜ் ஏன் சார் ஓடல" என்று கேட்டு, "சில ஃப்ரிட்ஜுங்க அப்படித்தான்" என்று இவர் சொன்னால் சும்மா விடுவார்களா என்று யோசித்துக்கொண்டே மறுபடி நடந்தார்.

மத்தியானம் நெருங்கியபோது அழுகை வேறு மாதிரி ஆகியிருந்தது. கோபம் போய்விட்டது, கெஞ்சல் மட்டும் மிச்சம். குரல் கரகரத்து, மூச்சு இழுத்து இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் நெஞ்சு எலும்பு தெரிந்தது. முகம் நனைந்து முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. மெக்கானிக் அவனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "என்னடா வேணும் உனக்கு?" என்று கத்தினார்.

மேனேஜர் சட்டென்று நிறுத்தினான். அப்பாவை ஒரு கணம் பார்த்தான். கீழுதடு மெல்லப் பிதுங்கியது. பிறகு அழுதான், சத்தமே வராமல், வாயை மட்டும் திறந்துகொண்டு.

மெக்கானிக் அவனைக் கட்டில் நடுவில் கிடத்தினார். சுற்றிலும் தலையணை வைத்தார். அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் நெற்றியை வைத்து நின்றார். கைகள் நடுங்கின. எடை தூக்கி நடுங்கும் கை அவருக்குத் தெரியும். பெரிய பெட்டிகளை மாடியேற்றிய நாட்களில் அப்படி நடுங்கும். இது அந்த நடுக்கம் இல்லை. இந்தக் கைகளை அவர் இதுவரை சந்தேகப்பட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, கதவைத் திறந்து, பிள்ளையை அள்ளிக்கொண்டு படியிறங்கினார். தனியாக இருக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

கீழ்வீட்டில் இருப்பது ஒரு டெய்லர் அக்கா. முன்னறை முழுக்கத் துணி. தையல் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க, அதன் காலடியில் துணிக் குவியல்மேல் அவளுடைய ஒரு வயதுகூட ஆகாத பெண், உலகமே இடிந்தாலும் எனக்கென்ன என்று குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அந்தக் குழந்தையைப் பார்த்த பார்வையில், கண் பட்டிருந்தால் அது பத்து நாள் காய்ச்சலில் கிடந்திருக்கும்.

"வாங்க தம்பி" என்றாள் டெய்லர் அக்கா, வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துக் கழுத்து டேப்பில் சொருகிக்கொண்டே. "சத்தம் இங்க வரைக்கும் வந்துச்சு. கேட்டுக்கிட்டே தைச்சதுல ஒரு காலர் கோணிப் போச்சு."

"மன்னிச்சுக்கோங்கக்கா."

"காலருக்கு நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க. உட்காருங்க."

"உட்கார்ந்தா அழறான்."

"இப்போ நின்னுக்கிட்டுத்தானே இருக்கீங்க. அழறானே."

அது நியாயமாகத்தான் பட்டது. உட்கார்ந்தார். "அக்கா, உங்க பாப்பா எப்படித் தூங்குது?"

"வாயில வச்சுக்கிட்டுத்தான். அது தூங்கினதும் மெல்ல எடுத்துடுவேன்."

"எடுத்தா முழிக்காதா?"

"இது முழிக்காது. உங்களுது முழிக்கும்ல? கேட்டிருக்கேன்."

"முழிக்கும்" என்றார். அறையைச் சுற்றிப் பார்த்தார். "நல்ல காத்தோட்டமான ரூம்க்கா இது."

"ஜன்னலே இல்லாத ரூம் தம்பி இது."

"இல்ல, பொதுவா சொன்னேன்." மேனேஜரை அடுத்த தோளுக்கு மாற்றினார். "உங்களுக்கு இப்போ வேலை அதிகமோ?"

டெய்லர் அக்கா மெஷினை நிறுத்தினாள். "சுத்தி வளைக்காதீங்க. நான் இவனுக்குக் குடுக்கணுமா?"

மெக்கானிக் சுவரில் தொங்கிய கத்தரிக்கோலை உற்றுப் பார்த்தார். காது மடல் சுட்டது. "பசிக்கு இல்லக்கா" என்றார் மெதுவாக. "தூக்கத்துக்கு."

"தூக்கத்துக்குன்னா மட்டும் வேற வழியா வருமா?" என்று சிரித்தவள், குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். விரலால் அவன் நெற்றி முடியை ஒதுக்கினாள். "பாவம், தொண்டை கட்டிப் போச்சு. குடுக்கறேன் தம்பி, எனக்கென்ன குறைஞ்சிடும். ஆனா அவன் அம்மா ஒரு வார்த்தை சொல்லணும்."

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டாக்கா."

"சொல்ல மாட்டா. அதுதான் எனக்குப் பயம். சொல்லாம உள்ளயே வச்சுக்குவா. நாளைக்கு மாடிப்படியில என்னைப் பார்த்தா சுவரைப் பார்த்துக்கிட்டுப் போவா. என் பிள்ளைக்கு வேற ஒருத்தி குடுத்தாலும் நானும் அப்படித்தான் போவேன். போய்க் கேட்டுட்டு வாங்க. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல."

கேட்பது எப்படி? வேலை நேரத்தில் அவள் கைப்பேசி பூட்டிய இழுப்பறைக்குள் இருக்கும். ஆபீஸ் நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. இன்னொரு நம்பர் இருக்கிறது. அது ஊருக்கே மனப்பாடம். அதை அழுத்தினால் உடனே எடுப்பார்கள். யார் கண்டது, அவளே எடுக்கக்கூடும். மெக்கானிக்கின் கட்டைவிரல் அந்த எண்களின்மேல் ஒரு நிமிடம் நின்றது. அந்த நிமிடத்தில் எங்கோ ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதே எண்ணை அழுத்திக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. போனைப் பைக்குள் போட்டார். டெய்லர் அக்காவிடம் ஒரு குடை வாங்கிக்கொண்டு, மேனேஜரின் தலையில் ஈரத்துண்டைப் போட்டு, தெருவில் இறங்கினார்.

அழுகிற பிள்ளையோடு ஒரு பெண் தெருவில் போனால் ஊர் வழிவிடும். ஓர் ஆண் போனால் ஊர் விசாரணைக் கமிஷன் வைக்கும். "பசிக்குது போல" என்றார் பழக்கடைக்காரர். "வயித்து வலி, பார்த்தாலே தெரியுது" என்றார் பழம் வாங்க வந்தவர். பேருந்துக்கு நின்ற ஓர் அம்மாள் "தலையை நல்லா மூடுங்க, வெயில்" என்றார். அவர் பக்கத்தில் நின்றவர் "மூடினா எப்படி, காத்து வர வேண்டாமா" என்றார். மெக்கானிக் இரண்டு பேர் மனமும் கோணாதபடி பாதித் தலையை மூடிக்கொண்டு நடந்தார்.

சந்திப்பில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "யார் பிள்ளை இது?"

"என் பிள்ளைதாங்க."

"ஏன் இப்படி அழறான்?"

"அதைத்தாங்க காலையிலேருந்து நானும் விசாரிச்சுக்கிட்டிருக்கேன்."

போலீஸ்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு பக்கம் கம்ப்ரஸர் எண்ணெய், மறுபக்கம் கக்கிய பால். குழந்தையின் மூக்கையும் அப்பாவின் மூக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தியடைந்தவராக, நான்கு பக்கமும் வண்டிகளை நிறுத்தி அவரைத் தெருவைக் கடக்க வைத்தார். இரக்கமா, அந்தச் சத்தம் தன் எல்லையை விட்டுப் போனால் போதும் என்ற எண்ணமா, தெரியவில்லை.

கட்டுப்பாட்டு அறை ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. நடைபாதை, ஒரு குடிநீர் இயந்திரம், பிறகு கண்ணாடிக் கதவு. கதவுக்கு வெளியே ஒரு மேசையில் சூப்பர்வைசர் அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்கையும் மூட்டையையும் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"மறுபடியுமா?"

"இல்லைங்க. அவளைக் கூட்டிட்டுப் போக வரல. ஒரே ஒரு கேள்வி. ஆமாவா இல்லையான்னு சொன்னாப் போதும், போயிடுவேன்."

"அவசரமா?"

"ஆமாங்க."

சூப்பர்வைசர் அம்மாளுக்கு முப்பது வருடப் பழக்கம். வாய் தானாகவே கேட்டது. "மூச்சு இருக்கா?"

"இருக்குங்க. அதை வச்சுத்தான் கத்தறான்."

"நினைவு இருக்கா?"

"தேவைக்கு மேல இருக்குங்க. அதுதான் பிரச்சினையே."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். ஏதோ சொல்ல வந்தவர், மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்டார். "டீ நேரம் வர வரைக்கும் இப்படி ஓரமா நில்லுங்க. பத்து நிமிஷம் அவளுக்கு. தாண்டக் கூடாது. நேத்து அவகிட்ட சொன்னதை இப்பவும் சொல்றேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி முதுகு தெரிய உட்கார்ந்திருந்தாள். கதவு சரியாகச் சாத்தாமல் விரல் அளவுக்குத் திறந்திருந்தது. அவள் குரல் கேட்டது. வீட்டில் கேட்காத குரல். அவசரமே இல்லாத, ஒவ்வொரு சொல்லையும் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிற குரல்.

"துணியை எடுக்காதீங்கம்மா. ரத்தம் வந்தாலும் அதுமேலயே இன்னொரு துணி வைங்க. அழுத்துங்க. ஆமா, வலிக்கும்னுதான் சொல்வார். நீங்க அழுத்துங்க. நான் இருக்கேன்."

அந்த நேரம் பார்த்து மேனேஜர், கட்டிய தொண்டையிலிருந்து ஒரு சத்தத்தைத் தேடி எடுத்து வீறிட்டான்.

அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் நிமிர்ந்தது. இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டி இறுக்கிக்கொண்டாள். குரல் மாறவில்லை. "வண்டி உங்க தெருவுல திரும்பிடுச்சும்மா. கதவைத் திறக்கச் சொல்லுங்க. நீங்க எழுந்திருக்காதீங்க, அழுத்திக்கிட்டே இருங்க." வண்டிக்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள் என்று தெரியும்வரை பேசினாள். பிறகு ஹெட்போனைக் கழற்றினாள். எழுந்து திரும்பியபோது சீருடைச் சட்டையில் மார்புப் பக்கம் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. அதை மறைக்க ஒரு ஃபைலை எடுத்து அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

குடிநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். மேனேஜர் அம்மாவின் மணத்தைப் பிடித்துவிட்டான். உடம்பையே வில்லாக வளைத்து அவள் பக்கம் சாய்ந்தான். அவள் ஃபைலை இயந்திரத்தின்மேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"இரு" என்றார் மெக்கானிக். "முதல்ல ஒண்ணு சொல்லணும். பால் போச்சு. ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிட்டு மறந்துட்டேன். எல்லாம் ஊத்திட்டேன்."

அவள் நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. "எல்லாமுமா?"

"இன்னைக்கு மட்டும் ஆகற மாதிரி கொஞ்சம் இருந்துச்சு."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் கண்ணை மட்டும் மூடித் திறந்தாள். "சரி. மறுபடி எடுத்துக்கலாம். குடுங்க அவனை."

"இரு. கீழ்வீட்டு டெய்லர் அக்கா இவனுக்குக் குடுக்கறேங்கறாங்க. தூங்கறதுக்கு. உன்னைக் கேக்கச் சொன்னாங்க. ஆமாவா இல்லையா?"

"அவங்க நல்லவங்க" என்றாள்.

"அது எனக்கும் தெரியும். ஆமாவா இல்லையா?"

"நேரம் ஆகுதுங்க. குடுங்க, ரெண்டு நிமிஷத்துல தூங்கிடுவான்."

"தூங்கிடுவான். நீ உள்ள போனதும் எழுந்துக்குவான். நான் திரும்பவும் அந்தத் தெருவுல நடக்கணும். நாளைக்கும் நடக்கணும்." அவர் குரல் உடைந்தது, அதை மறைக்கக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. "இன்னைக்கு இவன்கிட்ட கத்திட்டேன். பயந்துபோய்ப் பார்த்தான் என்னை. எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நான் என்ன தப்பு பண்றேன்? ஏன் என்கிட்ட தூங்க மாட்டேங்கறான்? நீயாவது நேரா சொல்லு."

அவள் கையைக் கீழே விட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஏதோ போன் அடித்தது, யாரோ எடுத்தார்கள். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். மேனேஜர் அவளைப் பார்த்துக் கரகரத்தான். அவள் அவனைப் பார்க்காமல் மெக்கானிக்கின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"தூங்குவான்."

"என்ன?"

"உங்ககிட்ட தூங்குவான். போன மாசம் ஒரு நாள் நீங்க ஜன்னல் பக்கம் திரும்பி நின்னு ஆட்டிக்கிட்டிருந்தீங்க. அழுது அழுது ஓஞ்சுபோய், உங்க தோள்ல கன்னத்தை வச்சு, கண்ணு சொருகிடுச்சு. உங்களுக்குத் தெரியல. நான் கதவுக்கிட்ட நின்னு பார்த்தேன். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா தூங்கியிருப்பான். நான் வந்து வாங்கிட்டேன். உங்களால ஆகாதுன்னு சொல்லி வாங்கிட்டேன். அதுக்கப்புறமும் எத்தனையோ தடவை. எனக்குத் தாங்கல. ராத்திரி பகல் உட்கார முடியல, எழுந்திருக்க முடியலன்னு உங்ககிட்ட அழுதேன்ல, அதுவும் நிஜம்தான். இதுவும் நிஜம்தான். அவன் நான் இல்லாம தூங்கக் கூடாதுன்னு இருந்துச்சு."

மெக்கானிக், அவள் பக்கம் வளைந்த மேனேஜரை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"டெய்லர் அக்கா வேண்டாம்" என்றாள். "எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான், காரணம் கிடையாது. என்கிட்டயும் குடுக்காதீங்க. நான் கையை நீட்டினாலும் குடுக்காதீங்க. நீங்க ஒரு தப்பும் பண்ணல. அழுவான், நிறைய நேரம் அழுவான். உங்க தோள்லதானே அழறான். எடுத்துட்டுப் போங்க."